சொராரிட்டி ரஷ்ஷுக்குப் பதிவு பண்ணலாமா? கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

மருதாணி எழுதியது:

வணக்கம். ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ். முதல் வருடம் சேர்கிறேன். எஃப்-1 விசா. 'பான்ஹெலெனிக் ரிக்ரூட்மென்ட் பதிவு தொடங்கிவிட்டது' என்று மெயில் மேல் மெயில் வருகிறது. சொராரிட்டி எனும் மாணவிகள் சங்கங்கள் ஆள் சேர்ப்பதாம், 'ரஷ்' என்கிறார்கள். யூடியூபில் தேடினால் ஒரே நிற உடுப்பில் வாசல்படி நிறைய நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். அதைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. கேள்விகள்:

கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த சங்கமெல்லாம் ஒன்றுதானா? ரஷ் வாரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, எங்கே சறுக்கும்? மொத்தம் எவ்வளவு செலவு பிடிக்கும்? விசாவுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா? என் பெரியம்மா பையனும் அதே கேம்பஸ். அவன் ஃப்ரட்டர்னிட்டிக்கு, அதாவது ஆண்கள் சங்கத்துக்கு, போகப்போகிறேன் என்கிறான், வீட்டில் 'அது ராகிங் கூட்டம்' என்று பயப்படுகிறார்கள். எவ்வளவு உண்மை?

---

நூலகத்து ஆந்தை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வாசலில் மூன்று கிரேக்க எழுத்து இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. அந்தப் பழக்கம் 1776-ல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாவிடமிருந்து வந்தது. அது இன்று மதிப்பெண் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கம். அங்கே பார்ட்டியும் கிடையாது, வீடும் கிடையாது. ஊர் பேசுவது 'சோஷியல்' ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டிகளைப் பற்றி. ஆண்களை மட்டும் அல்லது பெண்களை மட்டும் சேர்ப்பது இவர்களுக்கு இன்றும் செல்லும். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 9 சட்டத்தில் 1974-ல் இவர்களுக்கென்றே விலக்குக் கொடுத்தார்கள். தொழில்சார் சங்கங்களுக்கு அந்த விலக்கு இல்லை. அதனால்தான் வணிகத்துக்கான ஆல்ஃபா கப்பா சை, பொறியியலுக்கான தீட்டா டௌ போன்றவற்றில், பெயரில் 'ஃப்ரட்டர்னிட்டி' இருந்தாலும் பெண்களும் உறுப்பினர்கள். சேவைக்கென 1925-ல் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகாவும் இருபாலருக்கும் பொது.

சோஷியல் சங்கங்களுக்குள்ளேயும் கவுன்சில் பிரிவு உண்டு. உங்களுக்கு மெயில் அனுப்புவது பெரும்பாலும் நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக என்.பி.சி., 1902-ல் உருவானது. பெரிய வீடு, ஒரு வார ரஷ், வாசல் பாட்டு எல்லாம் இவர்களுடையது. ஏறக்குறைய அதே பெயரில் நேஷனல் பான்-ஹெலெனிக் கவுன்சில் என்று இன்னொன்று இருக்கிறது. அது 1930-ல் தொடங்கியது, கறுப்பின மாணவர்களின் ஒன்பது சங்கங்கள் அடங்கியது. பெயரை வைத்து இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான படிவத்தை நிரப்புகிறவர்கள் உண்டு. கமலா ஹாரிஸ் 1986-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இந்த ஒன்பதில் ஒன்று. அங்கே வார ரஷ் கிடையாது. தகவல் கூட்டம், விண்ணப்பம், நேர்காணல் என்று அடக்கமாகப் போகும். பட்டம் வாங்கினதோடு உறுப்பினர் வாழ்க்கை முடிவதில்லை, பட்டதாரிகளுக்கே தனிச் சாப்டர்கள் (கிளைகள்) இயங்குகின்றன.

மூன்றாவது, தெற்காசியச் சங்கங்கள். பெண்களுக்கு டெல்டா ஃபை ஒமேகா (ஹூஸ்டன், 1998), கப்பா ஃபை காமா (ஆஸ்டின், 1998), சிக்மா சிக்மா ரோ (நியூயார்க், 1998). ஆண்களுக்கு அயோட்டா நூ டெல்டா (பிங்காம்டன், 1994), டெல்டா எப்சிலான் சை (ஆஸ்டின், 1998), பீட்டா கை தீட்டா (யு.சி.எல்.ஏ., 1999). பெரும்பாலும் பெரிய வீடு இருக்காது, சேர்பவர்கள் எண்ணிக்கையும் சிறியது. 'நம்ம ஆளுங்க' என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: உறுப்பினர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேச ஆள் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்குத் தமிழ் மாணவர் மன்றம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

---

ஒஹாயோ அக்கா எழுதியது:

ரஷ் வாரம் பத்தி நான் சொல்றேன், தங்கச்சி.

இதோட அடிப்படையே ரெண்டு பக்கமும் தேர்ந்தெடுக்கிறதுதான். ஒவ்வொரு சொராரிட்டியையும் 'வீடு'ன்னுதான் சொல்வோம். தினமும் ராத்திரி நீ போன வீடுகளை ஆப்ல வரிசைப்படுத்துவே. அதே நேரத்துல அவங்களும் உங்க எல்லாரையும் வரிசைப்படுத்துவாங்க. காலையில உன் கையில அன்னைக்கான அட்டவணை வரும். முதல் சுற்றுல எல்லா வீட்டுக்கும் போகணும், ஒரு வீட்டுக்கு 20, 30 நிமிஷம். அடுத்து அவங்க செய்யற தர்மகாரியத்தைப் பத்தின சுற்று, அதுக்கப்புறம் சிஸ்டர்ஹுட் சுற்று. கடைசியில பிரெஃபரன்ஸ், அங்கே அதிகபட்சம் ரெண்டு வீடு. மறுநாள் பிட் டே, அதாவது 'எங்க வீட்டுல சேரு'ங்கற அழைப்பு (பிட்) வர்ற நாள். சில இடங்கள்ல இதெல்லாம் வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே ஆகஸ்ட்ல முடிஞ்சுடும், சில இடங்கள்ல ஜனவரியில நடக்கும். முதல் வருஷப் பிள்ளைங்களை அறவே சேர்க்காத இடங்களும் உண்டு.

உள்ளே நடக்கறதைக் கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன். கதவு திறந்ததும் ஒரு பொண்ணு உன்னைக் கூட்டிட்டுப் போய் நிப்பாட்டிப் பேசுவா. அஞ்சாறு நிமிஷம் போனதும் இன்னொருத்தி வந்து அவ தோளை லேசா தொடுவா. முதல் பொண்ணு 'இவங்க மருதாணி, ரோபாட்டிக்ஸ் படிக்கப்போறாங்க'ன்னு ஒரு வரியில அறிமுகம் பண்ணிட்டு நகர்ந்துடுவா. இதுக்குப் 'பம்ப்'னு பேரு. நீ அரைகுறையா பேசிட்டிருந்தாலும் நகர்ந்துதான் போவா, அதை அவமரியாதையா எடுத்துக்காதே. நீ போனதும் பேசின ஒவ்வொருத்தியும் உனக்கு மார்க் போடுவா. அதனால உன்னைப் பத்தி அடுத்தவகிட்ட எடுத்துச் சொல்ற மாதிரி ஒரு விஷயம் அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துடணும். 'ஐ லைக் மியூசிக்'னு சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'எட்டு வருஷம் வீணை கத்துக்கிட்டேன், ஏழு தந்தி'ன்னு சொல்லிப்பாரு, அடுத்த நாளும் அதையே கேப்பாங்க.

பேசக்கூடாத அஞ்சு விஷயம்னு அங்க ஒரு வாய்ப்பாடே இருக்கு. எல்லாம் ஆங்கிலத்துல 'பி'ல தொடங்கும். தமிழ்லயும் தோதா அமையுது பாரு: பையன், பானம் (மது), பைபிள் (மதம்), பாலட் (ஓட்டு, அரசியல்), பணம். கடைசியில இருக்கற பணத்தை மட்டும் கேக்காம விட்டுடாதே. பார்ட்டியில கேக்காதே, ஃபைனான்ஸ் பேச ஒதுக்கற நேரத்துல கேளு.

எங்க சறுக்கும்னு கேட்டியே:

பேரு. பாஸ்போர்ட்ல ஒரே பேரு இருக்கறவங்களுக்கு விசாவுல முதல் பேரு இடத்துல எஃப்.என்.யு.ன்னு அடிச்சிருப்பான். 'பேர் தெரியாது'ங்கறதோட சுருக்கம் அது. பல்கலைக்கழகப் பட்டியல்லயும் அப்படியே ஏறினா, ரஷ் பட்டியல்ல உன் பேரு 'எஃப்.என்.யு.'வா வந்து நிக்கும். நூத்துக்கணக்கான பொண்ணுங்க நடுவுல மார்க் போடறவளுக்கு நீ யாருன்னே புரியாது. பதிவுப் படிவத்துல 'விரும்பும் பெயர்'னு கட்டம் இருக்கும், நிரப்பு. இல்லைன்னா ஆபீஸுக்கு மெயில் போட்டு நேம் டேகை மாத்தச் சொல்லு.

மார்க். அவங்க கேக்கறது 4.0 கணக்குல ஜி.பி.ஏ. நீ பாட்டுக்கு 94ன்னு சதவீதத்தை அடிச்சா மென்பொருள் ஏத்துக்காது. தோராயமா நீயே கணக்குப் பண்ணிப் போடாதே. அட்மிஷன் ஆபீஸ் உன் பிளஸ் டூவை எப்படி மாத்தி வெச்சிருக்காங்கன்னு கேட்டு அதையே போடு.

தேதி. சர்வதேச மாணவர் ஓரியன்டேஷனும் ரஷ்ஷும் பெரும்பாலும் ஒரே வாரத்துல விழும். ஓரியன்டேஷனை விட்டுடாதே. ரஷ் பக்கம்தான் முன்கூட்டியே எழுதிக் கேட்டா ஒரு சுற்றுக்கு விலக்குக் கொடுப்பாங்க.

முதல் சுற்றுலயே, நல்லா பேசின வீடு உன்னை விட்டுடும். மனசு உடைஞ்சு பாதியில வெளியேறுறவங்க இங்கதான் அதிகம். காரணம் கணக்கு. எந்த வீடு எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிடலாம்னு, போன வருஷங்கள்ல அவங்களுக்கு எத்தனை பேர் திரும்பி வந்தாங்கங்கறதை வெச்சு ஒரு எண்ணிக்கை வந்துடும். எல்லாரும் ஆசைப்படற வீடு முதல் நாளே ரொம்பப் பேரைக் கழிச்சாகணும், அவங்க நினைச்சாலும் வெச்சுக்க முடியாது. நீ தப்பா பேசினதால இல்லை.

கடைசியா அந்தக் கையெழுத்து. பிரெஃபரன்ஸ் முடிஞ்ச கையோட ஒரு ஒப்பந்தம் வரும், அங்க எம்.ஆர்.ஏ.பி.ஏ.ன்னு சொல்வாங்க. களைச்சுப் போயிருப்பே, கண்ணு கலங்கியிருக்கும், சுத்தி எல்லாரும் டக்டக்னு போடுவாங்க. நீ படிச்சுட்டுப் போடு. அதுல எழுதின வீட்டுலேருந்து பிட் வந்து நீ வேண்டாம்னா, அதே கேம்பஸ்ல வேற எந்த என்.பி.சி. வீட்டுலயும் அடுத்த பெரிய ரஷ் வரைக்கும் சேர முடியாது. அதனால, சேரவே மாட்டேன்னு தெரிஞ்ச வீட்டை மரியாதைக்குக்கூட எழுதக்கூடாது. கையெழுத்தே போடாம வெளியே வரவும் உனக்கு உரிமை உண்டு. அதுக்கப்புறம் இடம் மீதியிருக்கற வீடுகள் வருஷம் முழுக்க அமைதியா ஆள் எடுக்கும், சி.ஓ.பி.ன்னு பேரு. உன்னை மாதிரி புதுசா நாடு மாறி வர்றவங்களுக்கு அதுதான் நிதானமான வழின்னு நான் நினைக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணம். சுருக்கமாக.

வீடில்லாத சின்னச் சங்கம் என்றால் செமஸ்டருக்குச் சில நூறு டாலர். பெரிய வீடு, அங்கேயே தங்கல், சாப்பாடு என்றால் பல ஆயிரம். இந்த இடைவெளியில் உங்கள் சாப்டர் எங்கே நிற்கிறது என்பதை அவர்களின் ஃபைனான்ஸ் தாள்தான் சொல்லும். அதைக் காட்டத் தயங்குகிற இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

தாளில் 'டியூஸ்' என்று ஒரே எண் இருந்தால் பிரித்துக் கேளுங்கள். புது உறுப்பினர் கட்டணம், இனிஷியேஷன் (முழு உறுப்பினராக்கும் சடங்கு) கட்டணம், பேட்ஜ்: இவை ஒருமுறை மட்டும், ஆனால் மூன்றும் முதல் செமஸ்டரிலேயே விழும். அதனால் முதல் பில்தான் உச்சம். தேசியச் சந்தா, சாப்டர் சந்தா, இன்ஷூரன்ஸ் தொடர்ந்து வரும். பார்லர் ஃபீ என்பது வீட்டில் தங்காதவர்களும் வீட்டைப் பயன்படுத்துவதற்குக் கட்டும் தொகை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கட்டாய மீல் பிளான் இருந்தால் ஏற்கெனவே ஹாஸ்டலில் எடுத்த மீல் பிளானோடு சேர்த்து இரண்டு முறை சாப்பாட்டுக்குக் கட்டுவீர்கள். சைவம் என்றால் வாரத்தில் எத்தனை வேளை உங்களுக்கு உண்மையில் சாப்பாடு இருக்கும் என்று மெனுவையே கேளுங்கள். 'சாலட் பார் இருக்கு' என்பது பதில் ஆகாது.

தாளில் வராதவை: டி-ஷர்ட்டுகள், பிக்-லிட்டில் (புது உறுப்பினருக்கு மூத்தவர் ஒருவரை அக்காவாக ஒதுக்கும்) வாரத்துப் பரிசுகள், ஃபார்மல் எனும் நடன விருந்து டிக்கெட், உடுப்பு, கூட்டத்துக்கு வராததற்கு அபராதம்.

மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள்.
ஒன்று, இரண்டாம் வருடம் வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா? ஆம் என்றால் அந்த வாடகை ஒப்பந்தத்தில் எப்போது கையெழுத்து வாங்குவார்கள்? சங்கத்தை விட்டு விலகினாலும் வாடகை ஒப்பந்தம் விலகாது.
இரண்டு, தவணை உண்டா? பில் பெரும்பாலும் ஒமேகாஃபை மாதிரி ஆன்லைன் சேவை வழியாக வரும். இந்திய கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
மூன்று, கட்டாவிட்டால்? பாக்கி கலெக்ஷன் ஏஜென்சிக்குப் போகலாம். அமெரிக்காவில் கிரெடிட் வரலாற்றை அப்போதுதான் தொடங்கும் ஒருவருக்கு முதல் வரியே கறையாக விழும்.

ரஷ் பதிவுக் கட்டணம் தனி. எந்தத் தேதிக்குப் பிறகு திரும்பக் கிடைக்காது என்பதைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

---

ஐ-20 எழுதியது:

சங்கத்தில் உறுப்பினராவதற்கு எஃப்-1 தடை இல்லை. சிக்கல் வருவது அதன் ஓரங்களில்.

நுழைவு: பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் விடமாட்டார்கள். ரஷ் சீக்கிரமாகத் தொடங்கும் பல்கலைக்கழகம் என்றால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு டிக்கெட் எடுக்கவும். ஹாஸ்டலில் முன்கூட்டியே குடியேற அனுமதியும் தனியாக வாங்க வேண்டும்.

வேலை: சொராரிட்டி வீடுகளின் சமையலறையில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் மாணவர்களை வைப்பார்கள், 'ஹாஷர்' என்று பெயர். சம்பளத்தோடு சாப்பாடு, சில இடங்களில் சாப்பாடு மட்டும். உங்கள் உறவுக்காரப் பையனுக்குத்தான் இந்த அழைப்பு முதலில் வரும். சாப்பாடும் தங்குமிடமும்கூடக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் ஊதியம்தான். தனியார் வீட்டில், கேம்பஸுக்கு வெளியே, அனுமதி இல்லாமல் செய்தால் அது அங்கீகாரமற்ற வேலை. 'காசு வாங்கலையே, சாப்பிட்டேன் அவ்வளவுதானே' என்ற வாதம் எடுபடாது. பொருளாளர், ஹவுஸ் மேனேஜர் பதவிக்குப் பதிலாக வாடகையில் கழிவு தருவதும் இதே வகை. ஏற்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசா விவகாரம் பார்க்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் கேட்கவும்.

முகவரி: வீட்டுக்குக் குடி மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

கிரெடிட்: புது உறுப்பினர் காலத்தில் வாரத்துக்குப் பல மாலைகள் போய்விடும். சமாளிக்க முடியாமல் ஒரு பாடத்தை டிராப் செய்து, 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போகும். அமெரிக்க நண்பர்கள் சர்வசாதாரணமாக டிராப் செய்வார்கள், நீங்கள் டி.எஸ்.ஓ. முன் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. முதல் செமஸ்டரில் சேருவதாக இருந்தால் 12-க்குப் பதில் 15 கிரெடிட் எடுத்து வைப்பது ஒரு காப்பு, மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை விட்டாலும் 12 மிஞ்சும்.

மது: 21 வயதுக்குக் கீழ் சட்டவிரோதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தண்டனை வரும் முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். கூட இருந்த அமெரிக்கப் பிள்ளைக்கு அபராதத்தோடு முடிவது உங்களுக்கு அப்படி முடியாது.

---

மருதாணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எஃப்.என்.யு. விஷயம் தலையில் அடித்த மாதிரி இருக்கிறது, என் விசாவில் அப்படித்தான் இருக்கிறது!

அக்கா, பிரெஃபரன்ஸில் இரண்டு வீடு கிடைத்து, ஒன்றுதான் பிடித்திருந்தால், அந்த ஒன்றை மட்டும் எழுதலாமா?

---

ஒஹாயோ அக்கா எழுதியது:

எழுதலாம், ஆனா விளைவு தெரிஞ்சு எழுதணும். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர்னு கோட்டா உண்டு. கொடுத்த அழைப்பெல்லாம் ஏத்துக்கிட்டு ரெண்டையும் எழுதினவளுக்கு ரெண்டு வீட்டுலயும் கோட்டாவுக்குள்ள இடம் விழலைன்னா, கோட்டாவுக்கு மேல கூடுதலா சேர்த்துக்க வழி இருக்கு. ஒண்ணை மட்டும் எழுதினவளுக்கு அந்த வழி கிடையாது. அந்த ஒரு வீட்டுப் பட்டியல்ல உன் பேரு கோட்டாவுக்குக் கீழே போயிட்டா, பிட் டே அன்னைக்கு உனக்குக் கவர் வராது. வரலைன்னாலும் பரவாயில்லைன்னு நீ நிஜமாவே இருந்தா ஒண்ணு எழுது. 'ரெண்டாவதுல போனாலும் இருப்பேன்'னா ரெண்டும் எழுது. இதுல நடுவழி இல்லை.

---

கரடிக்குகை எழுதியது:

பையன்கள் பக்கம் நான் சொல்றேன். வீட்டுல பயப்படறதுல அர்த்தம் இருக்கு, ஆனா 'ராகிங்'னு சொல்றப்ப ஒரு வித்தியாசம் விட்டுப்போகுது. ராகிங் ஹாஸ்டல்ல மாட்டினவன் எல்லாருக்கும் நடக்கறது. தமிழ்நாட்டுல 1997லயே அதுக்குத் தனிச்சட்டம் வந்துடுச்சு. சங்கத்துல சேர வர்றவனைச் சோதிக்கறோம்னு கொடுமைப்படுத்தறதுக்கு இங்க ஹேஸிங்னு பேரு. அது ராகிங் மாதிரி இல்லை, ஒரு வகை நுழைவுக் கட்டணம். பையன் தானா போறான், எந்த நிமிஷமும் எழுந்து வரலாம்னு சொல்லி வெச்சிருக்காங்க, அஞ்சு வாரம் தாங்கினவன் ஆறாவது வாரம் எழுந்து வர மாட்டான். பிடிமானமே அங்கதான். அதனால்தான் சட்டமும் இப்ப 'அவனே சம்மதிச்சான்'ங்கறதைக் கணக்குல எடுக்கறதில்லை.

சேர்ற முறை பொண்ணுங்க மாதிரி கணினிப் பொருத்தம் இல்லை. ஐ.எஃப்.சி. (கேம்பஸ்ல ஃப்ரட்டர்னிட்டிகளோட கவுன்சில்) ரஷ்ல வீடு வீடா போகணும், பர்கர், கூடைப்பந்து, அரட்டை. பிடிச்சா அவங்களே பிட் கொடுப்பாங்க. ஒரே நேரத்துல ரெண்டு மூணு பிட் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டிப்போடற ஒப்பந்தம் கிடையாது, அதே மாதிரி கொடுத்த பிட்டை அவங்க திரும்ப வாங்கவும் முடியும். தெற்கு மாநிலங்கள்ல கோடை விடுமுறையிலேயே பாதி இடம் நிரம்பிடும். ஆகஸ்ட்ல இந்தியாவுலேருந்து இறங்கறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும். அங்க வசந்தகால ரஷ் வரைக்கும் காத்திருக்கறது மேல்.

இப்ப எப்படிச் சோதிக்கறது. 2024 டிசம்பர்ல ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட்னு கூட்டாட்சிச் சட்டம் வந்துச்சு. அதன்படி கல்லூரி தன் வலைத்தளத்துல ஹேஸிங் வெளிப்படைத்தன்மை அறிக்கை போடணும். எந்தச் சங்கம், என்ன செஞ்சது, எப்ப, என்ன தண்டனைன்னு இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு முறை புதுப்பிக்கணும். முதல் அறிக்கைக்குக் கெடு 2025 டிசம்பர் 23. இதுல ஒரு ஓட்டை இருக்கு: 2025 ஜூலைக்கு முந்தின கதை இதுல வராது. பென்சில்வேனியா மாதிரி முன்னாடியே மாநிலச் சட்டம் போட்ட இடங்கள்ல பழைய அறிக்கையும் கிடைக்கும், அதையும் தேடு. அறிக்கையில பேர் இல்லைங்கறது நற்சான்றிதழ் இல்லை, இருக்கறது கண்டிப்பா எச்சரிக்கை.

அடுத்தது, அந்தச் சாப்டர் இன்னைக்கு அங்கீகாரத்துல இருக்கா? ஃப்ரட்டர்னிட்டி அண்ட் சொராரிட்டி லைஃப் ஆபீஸ் பட்டியல் போட்டிருக்கும். சஸ்பெண்ட் ஆன வீடு பேரை மாத்திக்கிட்டு, கேம்பஸ் தாண்டி ஒரு வாடகை வீட்டுல அதே ஆட்களோட ஓடறது சகஜம். போர்டுல கிரேக்க எழுத்துக்குப் பதிலா தெருப் பேரோ செல்லப் பேரோ இருக்கும். பட்டியல்ல இல்லாத வீட்டுல இன்ஷூரன்ஸும் இருக்காது, தலைமையகமும் கேள்வி கேக்காது.

அப்புறம் பிட் கொடுக்க வர்றவன்கிட்ட நேரா கேக்க வேண்டியது: புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம்? வாரவாரம் என்ன நடக்கும்னு தேதி போட்ட அட்டவணை இருக்கா? எட்டு வாரம், இதோ தாள்னு நீட்டினா சரி. 'அதெல்லாம் சொல்ல மாட்டோம், அனுபவிச்சாத்தான் தெரியும்'னா கும்பிடு போட்டுட்டு வந்துடு. ரகசியமா இருக்கலாம்னு ஏத்துக்கறது இனிஷியேஷன் சடங்கு ஒண்ணுதான், அதுவும் ஒரு மணி நேர சமாசாரம். 'பிளெட்ஜ்'ங்கற, முழு உறுப்பினராகறதுக்கு முந்தின நிலையையே எடுத்துட்ட சங்கங்களும் உண்டு. ஸீட்டா பீட்டா டௌ 1989ல எடுத்துச்சு, சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014ல. தலைமையகம் எடுத்தாலும் சாப்டர்ல பழக்கம் ஒட்டிக்கிட்டிருக்கலாம், அதனால அந்தப் பதிலையும் அப்படியே நம்பாதே.

ஆபத்து எந்த நாள்ல? நிறைய மரணம் நடந்தது பிக்-லிட்டில் ராத்திரியில. 'உன் அண்ணன்' யாருன்னு காட்டிட்டு, குடும்பப் பாரம்பரியம்னு ஒரு முழு பாட்டிலைக் கையில திணிப்பாங்க. மேசை மேல பாட்டில், சுத்தி இருபது பேர், யாராச்சும் போன்ல வீடியோ. 15 விழுக்காட்டுக்கு மேல ஆல்கஹால் இருக்கற சரக்கு வீட்டுக்குள்ள கூடாதுன்னு ஃப்ரட்டர்னிட்டிகளோட தேசியக் கூட்டமைப்பு 2019 செப்டம்பர்லேருந்து விதி போட்டிருக்கு. அதனாலேயே இந்த ராத்திரி பல சமயம் வெளி அபார்ட்மென்ட்டுக்கு நகர்ந்துடுது. அந்த நாளுக்கு எங்க போறோம், யார் வீடுன்னு பையன் மருதாணிக்கு லொகேஷன் அனுப்பி வெச்சுட்டுப் போகட்டும்.

யாராவது மயங்கினா 'தூங்கவிடு, காலையில தெளிஞ்சிடுவான்'ங்கறதுதான் கொல்லுது. குடிக்கறதை நிறுத்தினப்புறமும் வயித்துல இருக்கறது ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். எழுப்பினா எழலை, மூச்சு விட்டுவிட்டு வருது, உடம்பு சில்லுன்னு நீலம் பாய்ஞ்சிருக்குன்னா 911 அடி, ஒருக்களிச்சுப் படுக்க வை, ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இரு. கூப்பிட்டா நாமளும் மாட்டுவோமோன்னு பயப்பட வேண்டாம். ஃபுளோரிடா 2019ல போட்ட சட்டம், முதல்ல 911 அடிச்சவருக்கு வழக்கிலேருந்து பாதுகாப்பே கொடுக்குது. வேற பல மாநிலத்துலயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு.

கலாச்சாரச் சங்கம்னா இதெல்லாம் இருக்காதுன்னு மேல யாரும் சொல்லலை, ஆனா நிறையப் பேர் நினைக்கறாங்க. 2013 டிசம்பர்ல, நியூயார்க் கல்லூரி ஒண்ணோட ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி பென்சில்வேனியா போக்கனோ மலையில வீடு வாடகைக்கு எடுத்து, புதுப் பையன்கள் கண்ணைக் கட்டி, முதுகுல மணல் பை மாட்டி, நடக்கவிட்டு இடிச்சுத் தள்ளினாங்க. ஒரு பையன் தலையில அடிபட்டு இறந்தான். அடிபட்டவனை வெச்சுக்கிட்டு இணையத்துல அறிகுறி தேடிட்டிருந்தாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. 2018ல அந்தச் சங்கத்துக்கே அந்த மாநிலத்துல 10 வருஷத் தடை விழுந்துச்சு. கண்கட்டு, கேம்பஸை விட்டு வெளியே வாடகை வீடு, போனை வாங்கி வெச்சுக்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் ஊபர் கூப்பிட்டுக் கிளம்பிடணும்.

---

வெண்பொங்கல் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எம்.எஸ். படிக்க வருபவர்கள் இதில் எதிலாவது சேர முடியுமா? 'உங்களைக் கௌரவச் சங்கத்துக்குத் தேர்ந்தெடுத்துள்ளோம், பணம் கட்டுங்கள்' என்று மெயில் வந்திருக்கிறது.

---

நூலகத்து ஆந்தை எழுதியது:

சோஷியல் சங்கங்கள் நடைமுறையில் இளநிலை மாணவர்களுக்குத்தான். எம்.எஸ்.க்கு கௌரவச் சங்கங்கள் பொருந்தும். பொறியியலுக்கு 1885-ல் தொடங்கிய டௌ பீட்டா பை, மின்னியல் சார்ந்தவர்களுக்கு ஐ-டிரிபிள்-ஈயின் ஈட்டா கப்பா நூ, எல்லாத் துறைக்கும் ஃபை கப்பா ஃபை. கடைசியில் சொன்னதில் முதுநிலை மாணவர் என்றால் வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

நிஜமான அழைப்பு உங்கள் துறையிலோ கேம்பஸ் சாப்டரிலோ இருந்து வரும், ஆசிரியர் ஆலோசகர் பெயர் இருக்கும், நேரில் போய்ப் பார்க்க ஆள் இருப்பார். மெயிலும் கட்டண பட்டனும் மட்டும் இருந்தால், துறை அலுவலகத்தில் 'இந்தச் சங்கத்துக்கு இங்கே சாப்டர் உண்டா' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதி மெயில்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

---

மருதாணி எழுதியது:

கடைசியாக ஒன்று. சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் எப்படி வெளியே வருவது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இனிஷியேஷனுக்கு முன்னா, பின்னா என்பதுதான் எல்லாம். அந்தத் தேதியைப் பிட் டே அன்றே கேட்டு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

முன் என்றால்: சாப்டர் தலைவர், புது உறுப்பினர் பொறுப்பாளர் இருவருக்கும் 'இன்று முதல் விலகுகிறேன்' என்று மெயில், ஃப்ரட்டர்னிட்டி அண்ட் சொராரிட்டி லைஃப் அலுவலகத்துக்கு நகல். வாயால் சொன்னால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் கொடுத்த புது உறுப்பினர் சின்னத்தை (சட்டையில் குத்தும் 'பின்') திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். என்.பி.சி. வீடு என்றால் அதே கேம்பஸில் அடுத்த பெரிய ரஷ் வரை வேறு வீட்டில் சேர முடியாது.

பின் என்றால்: விலகலாம், ஆனால் வேறு என்.பி.சி. சொராரிட்டியில் இனி எப்போதும் சேர முடியாது, கேம்பஸ் மாறினாலும் சரி. இனிஷியேஷன் கட்டணமும் பேட்ஜ் பணமும் அதற்குச் சற்று முன்புதான் பில்லில் ஏறும். ஊசலாட்டம் இருந்தால் அந்த பில் வருவதற்கு முந்தைய வாரமே முடிவெடுங்கள்.